டிரையர் செய்கிற சிறு கம்பெனி, கார்பன் குறைப்பு மானியம்: எங்கள் அனுபவம்

கார்பன் உமிழ்வைக் குறைக்கும் புதிய தொழில்நுட்பத்தைச் செய்து பார்க்கச் சிறு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். நாங்கள் விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, பணம் வாங்கி, கணக்கு ஒப்படைத்து, இறுதி அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. இதையெல்லாம் கடந்து வந்த பிறகு, கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க மெஷின்ல உங்களுக்கே இன்னும் விடை தெரியாத கேள்வி எது?" அதற்குப் பதில் இருந்தால் மானியத்துக்குப் போகலாம். எல்லாமே தெரியும், வாங்கி மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றால் வங்கிக் கடன்தான் சரியான இடம்.

நாங்கள் சிறு பதப்படுத்தும் கூடங்களுக்கு டிரையர் செய்து கொடுப்பவர்கள். எல்பிஜி பர்னரில் காற்றைச் சூடாக்கி, தட்டுகளுக்கு நடுவே ஓடவிட்டு, ஈரமான காற்றை வெளியே தள்ளுவதுதான் பழைய வடிவமைப்பு. வெளியே போகும் அந்தக் காற்றோடு வெப்பத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை, அதாவது ஏறக்குறைய 0.63 யூனிட் (கிலோவாட்-மணி). அறுபது டிகிரியில் இன்னும் சற்றுக் கூடும். ஆவியான நீருக்குள் அத்தனை வெப்பமும் ஒளிந்திருக்கிறது. ஹீட் பம்ப் டிரையரில் காற்றை வெளியே விடுவதில்லை. ஈரக்காற்று ஒரு குளிர்ந்த சுருளின் மேல் படும்போது நீர் வடிந்துவிடும், அதன் வெப்பத்தைக் குளிர்பதன வாயு வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த வெப்பத்தை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். இப்படி விட்ட வெப்பமே திரும்பி வருவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் 1 முதல் 4 கிலோ வரை நீரை எடுக்க முடியும். சாதாரண வெப்பக்காற்று டிரையர்கள் பெரும்பாலும் ஒரு கிலோவையே தொடுவதில்லை.

எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் முதலில் உட்கார்ந்தோம். பெரும்பாலான அறிவிப்புகளில் தொழில்நுட்பத் தயார்நிலை என்று ஒரு எண் கேட்பார்கள். நாசா 1970களில் தொடங்கி வைத்த அளவுகோல் அது. இன்று 1 முதல் 9 வரை போகிறது. 1 என்றால் அடிப்படைத் தத்துவம் மட்டும் தெரிந்த நிலை, 9 என்றால் உண்மையான இடத்தில் வேலை செய்து நிரூபித்த நிலை. எங்களிடம் பட்டறையில் ஓடும் சிறிய மாதிரி இருந்தது. வாடிக்கையாளர் இடத்தில் ஓட்டியது கிடையாது. ஆகவே 4. அறிவிப்பைப் படிக்கும்போது, எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் தேடுங்கள். பொருந்தாத அறிவிப்புக்கு எவ்வளவு அழகாக எழுதினாலும் வாசலிலேயே நின்றுவிடும். எண்ணைக் கூட்டிச் சொல்லவும் தோன்றும். வேண்டாம். அடுத்த பக்கத்திலேயே சோதனைத் தரவு கேட்பார்கள்.

புதுமை என்ன என்ற பகுதிதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. ஹீட் பம்ப் டிரையர் புதிதில்லை, மரம் உலர்த்த நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள், வீட்டுத் துணி டிரையரில்கூட வந்துவிட்டது. மதிப்பீட்டாளருக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். ஆகவே எங்களுக்கு உண்மையிலேயே தெரியாத இடத்தை எழுதினோம். உலர்த்தலின் முதல் பாதியில் காற்றில் ஈரம் நிறைய இருக்கும், குளிர்ச்சுருளுக்கு நல்ல வேலை. கடைசி மணிநேரங்களில் பொருளுக்குள்ளிருந்து நீர் மெல்லத்தான் வெளிவரும். சுருளில் வடிய ஈரமே இருக்காது, ஆனால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு எடுக்கும் நீர் சரசரவென்று விழுந்துவிடும். கம்ப்ரசர் வேகத்தையும் சுருளைத் தாண்டிப் போகும் காற்றின் பங்கையும் ஈரத்துக்குத் தக்கபடி மாற்றி, முழு சுற்றின் சராசரியைப் பிடித்து நிறுத்த முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்று நம்பினோம். உறுதி இல்லை. அந்த "உறுதி இல்லை"யை மறைக்காமல், எந்தச் சோதனையில் தெரியவரும், தோற்றால் அடுத்து என்ன செய்வோம் என்பதுவரை எழுதினோம். இதற்குத்தான் மானியம் என்பது என் திடமான கருத்து. வெற்றி நிச்சயம் என்றால் பொதுப்பணம் எதற்கு?

இனி கார்பன் கணக்கு. விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் இரண்டு வரியில் முடித்துவிடுவதும் இங்கேதான்.

எரிவாயுவை விட்டு மின்சாரத்துக்கு மாறினாலே கார்பன் குறைந்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் எல்பிஜிக்கு ஒரு கிகாஜூலுக்கு 63.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று இருக்கிறது. யூனிட் கணக்கில் இது 0.227 கிலோ. ஒரு கிலோ நீரை எடுக்கப் பழைய டிரையர் 1.5 யூனிட் எரிபொருள் வெப்பம் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோ நீருக்கு 0.34 கிலோ உமிழ்வு. இப்போது ஹீட் பம்ப். யூனிட்டுக்கு 2 கிலோ நீர் எடுக்கிறது, அதாவது கிலோவுக்கு அரை யூனிட். நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கும் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.8 கிலோ உமிழ்வு என்றால், கிலோ நீருக்கு 0.4 கிலோ. பழைய பர்னரைவிட மோசம்! அதே மெஷினை யூனிட்டுக்கு 0.2 கிலோ உமிழும் கட்டமைப்பில் மாட்டினால் 0.1 கிலோதான். மெஷின் ஒன்றுதான், அது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறுகிறது.

இந்தக் கணக்கைத் தாளில் பார்த்தபோதுதான் எங்கள் திட்டமே ஒழுங்குக்கு வந்தது. 0.8 கட்டமைப்பில் பர்னரை வெல்ல, முழு சுற்றின் சராசரி யூனிட்டுக்கு 2.35 கிலோவைத் தாண்ட வேண்டும், அதுவும் காற்றாடிகளின் மின்சாரத்தையும் சேர்த்து. ஆகவே கடைசி மணிநேரச் சரிவைத் தடுப்பது வெறும் பொறியியல் ஆசையாக இருக்கவில்லை, கார்பன் குறைகிறதா கூடுகிறதா என்பதே அதில்தான் இருந்தது. திட்டத்தின் இலக்காக 2.5 என்று எழுதினோம். புதுமைப் பகுதியும் கார்பன் பகுதியும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தன. நேர்காணலில் இந்த எண்ணைத்தான் அதிகம் விசாரித்தார்கள்.

கிலோ நீர் என்ற அலகைப் பிடித்துக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று. ஒரு மெஷினுக்கு, ஒரு வருடத்துக்கு என்று கணக்குச் சொன்னால், கூடத்தில் வேலை குறைந்த வருடம்கூட உமிழ்வு குறைந்ததுபோலத் தெரியும். செய்த வேலைக்கு இவ்வளவு என்று சொன்னால் ஏமாற இடமில்லை. ஐஎஸ்ஓ 14040, 14044 தரநிலைகள் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில் கேட்பதும் இதைத்தான்: எந்தப் பயனுக்கு எவ்வளவு என்று முதலில் வரையறு.

இன்னொன்று. டிரையர் செய்யும் எங்கள் பட்டறையின் சொந்த உமிழ்வு சிறியது. குறைப்பு நடப்பது வாடிக்கையாளர் இடத்தில். பசுங்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறை, நிறுவனத்தின் நேரடி எரிப்பை முதல் வகையிலும், வாங்கும் மின்சாரத்தை இரண்டாம் வகையிலும், மற்ற அனைத்தையும் மூன்றாம் வகையிலும் வைக்கிறது. விற்ற பொருளின் பயன்பாடு அந்த மூன்றாம் வகையின் 15 பிரிவுகளில் 11-ஆவது. அதனால் தவிர்க்கப்பட்ட உமிழ்வை எங்கள் நிறுவனக் கணக்கோடு கலக்காமல் தனியாகக் காட்டினோம்.

அடிப்படை அளவீட்டை விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பழைய டிரையரில் எரிவாயு மீட்டர், மின்மீட்டர், தட்டுகளை உள்ளே வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடை. இவ்வளவுதான் வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. தயாரிப்பாளரின் விளம்பரத் தாளிலிருந்து எண் எடுத்து எழுதினால், "யார் அளந்தது, எப்போது, என்ன ஈரத்தில்?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. பழைய மெஷினைக் கழற்றிப் போட்ட பிறகு அளக்கவும் முடியாது.

குளிர்பதன வாயுவைப் பற்றியும் கேட்பார்கள், தயாராக இருங்கள். ஆர்-134ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு என்று ஐபிசிசியின் 2007 அறிக்கை சொல்கிறது. ஒரு கிலோ கசிந்தால் 1.43 டன். ஐந்நூறு லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். ஒரு பழுதுபார்ப்பில் பல மாதச் சேமிப்பு காற்றோடு போய்விடும். ஆர்-134ஏ போன்ற ஹைட்ரோஃப்ளூரோகார்பன்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி திருத்தம் என்ற சர்வதேச உடன்பாடும் வந்துவிட்டது. நாங்கள் ஆர்-290 எடுத்தோம், அதாவது புரோப்பேன். அதன் மடங்கு மூன்றை ஒட்டியே இருக்கிறது. ஆனால் தீப்பிடிக்கும். காற்றில் சுமார் 2.1 சதவீதம் கலந்தாலே போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். ஆகவே கசிவு உணரியைக் கீழே வைப்பது, வாயு அளவைக் குறைப்பது, மின் இணைப்புகளைத் தள்ளி அமைப்பது என்று ஒரு பகுதியே எழுத வேண்டியிருந்தது. ஆபத்துப் பட்டியலில் இதை முதல் வரியாகப் போட்டோம். அபாயத்தைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யோசிக்காதவர்களுக்குத்தான் குறைகிறது என்பது என் அனுபவம்.

நேர்காணலில் ஒரு பெண்மணி கேட்டார்: "இந்தப் பணம் கிடைக்கலைன்னா இதைச் செய்ய மாட்டீங்களா?" மானியத்தால்தான் இது நடக்கிறதா என்று பார்க்கும் கேள்வி இது. செய்யவே மாட்டோம் என்றால் நம்பிக்கை இல்லை என்று ஆகும். எப்படியும் செய்வோம் என்றால் பணம் தேவையில்லை என்று ஆகும். நான் உள்ளதைச் சொன்னேன்: "செய்வோம் மேடம். ஆனா லாபத்துல மிச்சம் பிடிச்சுச் செய்யறப்போ ஒரே அளவு மெஷின், ஒரே இடம். கட்டுப்பாட்டு முறையைப் பல ஈரப்பதத்துல சோதிக்க முடியாது. அதுக்குள்ள இன்னும் எத்தனையோ பர்னர் மெஷின் நாங்களே வித்துடுவோம்." பிறகு எந்த வேலை தள்ளிப்போகும், எது நின்றே போகும் என்று பணித்தொகுதி வாரியாகக் காட்டினேன்.

பணம் வரும் விதத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் திட்டத்தில் தகுதியுள்ள செலவில் 70 சதவீதம் மானியம், மீதி நாங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பணம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவு செய்து, பில் கட்டி, வங்கியில் பணம் போனதற்கு ஆதாரம் வைத்து கிளைம் போட வேண்டும். அவர்கள் சரிபார்த்த பிறகுதான் பணம். அதாவது நூறு சதவீதத்தையும் நாம் முதலில் இறக்கி, ஒரு காலாண்டுக்கும் மேல் சுமக்க வேண்டும். இறுதியில் ஒரு பங்கை இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை பிடித்தும் வைப்பார்கள். சிறு கம்பெனி மானியம் வாங்கியும் மூச்சுத் திணறுவது இங்கேதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, மாதவாரியான பணவரத்து அட்டவணையோடு எங்கள் கணக்காளர் வங்கிக்குப் போய் நடைமுறை மூலதன வரம்பை உயர்த்தி வைத்தார். மானியக் கடிதம் கையில் இருந்ததால் வங்கியும் பேசத் தயாராக இருந்தது. இந்த ஒன்றைச் செய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

எது தகுதியுள்ள செலவாகும், எது ஆகாது என்பதையும் வரிவரியாகப் படியுங்கள். ஒப்பந்தத் தேதிக்கு முன் வாங்கிய பொருள் சேராது. திரும்பப் பெறக்கூடிய வரி சேராது. கருவிக்கு முழு விலையா, திட்டக் காலத்துக்கான தேய்மானம் மட்டுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், பட்ஜெட்டையே மாற்றிவிடும். ஊழியர் சம்பளத்துக்கு நேரப் பதிவேடு கேட்பார்கள். வெல்டரிலிருந்து என் வரை எல்லோரும் அன்றன்றே எழுதினோம். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிய பதிவேடு தணிக்கையாளர் கண்ணுக்கு உடனே தெரியும்.

வேலை நடக்கும்போது திட்டம் மாறத்தான் செய்யும். நாங்கள் குறித்திருந்த கம்ப்ரசர் வரத் தாமதமானது. கண்காணிப்பு அதிகாரிக்கு உடனே எழுதி, சோதனை வரிசையை மாற்ற அனுமதி வாங்கினோம். அவர் அதில் ஒரு குறையும் காணவில்லை. முன்கூட்டிச் சொன்னால் அது மாற்றம், கிளைம் நேரத்தில் சொன்னால் அது மீறல். அவரை மேற்பார்வையாளராகப் பார்க்காமல், திட்டத்தை முடித்துக் கொடுக்க நம்மைப் போலவே விரும்பும் ஒருவராகப் பாருங்கள்.

முடிவில் ஈரமான சுமைகளில் 2.5-ஐத் தாண்டினோம். தொடக்கத்திலேயே ஈரம் குறைவாக இருக்கும் சுமைகளில் தாண்டவில்லை. இரண்டையும் அப்படியே வரைபடத்தோடு அறிக்கையில் கொடுத்தோம், எந்தச் சுமைக்கு எந்த மின்கட்டமைப்பில் இந்த மெஷினை விற்கக் கூடாது என்பதையும் சேர்த்து. கடைசித் தவணை குறையில்லாமல் வந்தது. இப்போது விலைப்புள்ளி கொடுக்கும் முன் வாடிக்கையாளரிடம் ஆரம்ப ஈரப்பதமும் மின்சாரம் வரும் வழியும் கேட்டு, அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறோம். பொருந்தவில்லை என்றால் பர்னர் மெஷினிலேயே, வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் ஒரு பரிமாற்றியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அடுத்த விண்ணப்பம் அந்தக் குறை ஈரச் சுமைகளுக்காகத்தான். அடிப்படை அளவீட்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டோம்.