மேப்பை வெறிச்சுப் பாத்துட்டு இருந்த ஜெனரல்

ஹிஸ்டரி பேப்பர் திருத்துறவங்களுக்கு இந்த அலுப்பு தெரிஞ்சிருக்கும். "1940ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்ததற்கான காரணங்கள் யாவை"ன்னு கேட்டா பசங்க அஞ்சு பாயிண்ட் எழுதி அடியில கோடு போட்டு முழு மார்க்கையும் வாங்கிட்டுப் போயிடுவாங்க, நானும் போட்டுடுவேன், ஏன்னா ஆன்சர் கீயில அந்த அஞ்சுதான் இருக்கு. போன வாரம் ஒரு கட்டு பாதி திருத்தினதுமே வெறுத்துப் போயி மூடி வச்சுட்டு, அந்தத் தோல்வியைப் பத்தி மார்க் ப்ளோக்ங்கற ஹிஸ்டாரியன் எழுதின 'விசித்திரமான தோல்வி' புத்தகத்தை எடுத்தேன். எத்தனாவது தடவைன்னு கணக்கு இல்ல.

ஆளு 1886ல லியோன்ல பொறந்த பிரெஞ்சுக்காரர். இடைக்கால ஐரோப்பாவோட வயல், வரப்பு, குத்தகை, அடிமைமுறைன்னு ஆராய்ச்சி பண்ணவர், 1929ல லூசியன் ஃபெவ்ரோட சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு வரலாறு எழுதுற முறையையே மாத்தினவர். முதல் உலகப் போருக்கு சார்ஜண்டா போயி கேப்டனா திரும்பினார். 1939ல மறுபடி சண்டை வந்தப்போ வயசு 53, ஆறு பிள்ளைங்க, வீட்லயே இருந்திருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. கிளம்பிட்டார். பிரெஞ்சு ஆர்மிலயே வயசான கேப்டன் நான்தான்னு அவரே சொல்லிக்குவார்.

அவருக்குக் குடுத்த வேலை என்னன்னா முதலாம் ஆர்மிக்கு பெட்ரோல் சப்ளை. சிரிக்காதீங்க, அதுலயும் மனுஷன் ஆராய்ச்சிதான் பண்ணார். சண்டை தொடங்கினா படை பெல்ஜியத்துக்குள்ள போகப்போகுது, அங்க பெட்ரோல் டெப்போ எங்கெங்க இருக்குன்னு தெரியணும், மேலிடத்து வழியா கேட்டா நடக்காது, அதனால தனக்குத் தெரிஞ்ச ஆளுங்களைப் பிடிச்சு தானே லிஸ்ட் சேத்துட்டார். 1940 மே மாசம் பின்வாங்கும்போது வழியில இருந்த டெப்போவையெல்லாம் கொளுத்திக்கிட்டே வரவேண்டியதாப் போச்சு.

அந்த மே மாசத்துல அவர் பாத்த ஒரு காட்சி எனக்கு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. முதலாம் ஆர்மியோட தலைமைத் தளபதி ப்ளான்ஷார் ஒரு பெரிய மாளிகை ரூம்ல உக்காந்திருக்கார், முன்னாடி மேப் விரிச்சிருக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரு பேச்சு இல்ல, ஒரு ஆர்டர் இல்ல, சும்மா அந்த மேப்பையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்கார், தன்னால எடுக்க முடியாத முடிவு அந்தக் காகிதத்துல எங்கயாவது எழுதிருக்கான்னு தேடுற மாதிரி. அதே ஆள் வாயால சரணடையறதைப் பத்தின பேச்சு வந்ததையும் மே 26ஆம் தேதி ப்ளோக் காதால கேட்டார். பெட்ரோல் கேப்டன் என்ன பண்ணுவார், கேட்டுட்டு வெளிய வந்துட்டார்.

தோல்விக்கு அவர் சொல்ற காரணம் டாங்க்கு எண்ணிக்கை இல்ல, துரோகமும் இல்ல. நம்ம தளபதிகளுக்கு யோசிக்கத் தெரியலைங்கறார். ஜெர்மன்காரன் வேகத்தை வச்சு சண்டை போட்டான், இவங்க மனசுல முதல் போர் முடிஞ்ச 1918லயே கடிகாரம் நின்னு போச்சு. எதிரி இன்னைக்கு இங்க இருக்கான்னா நாளைக்கு இவ்வளவு தூரம்தான் வருவான்னு கணக்குப் போட்டு, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி புது லைன் போடுவாங்க, போட்டு முடிக்கறதுக்குள்ள அவன் அங்க நிப்பான். ஒரேயடியா ரொம்ப தூரம் பின்வாங்கி மூச்சு வாங்கிட்டு திரும்பி நின்னிருக்கணும்ங்கறது ப்ளோக்கோட வாதம். அதுக்கு இங்க ஆள் இல்ல. நடு யுத்தத்துல தலைமைத் தளபதி காம்லானை எடுத்துட்டு யாரைக் கொண்டுவந்தாங்க தெரியுமா, 73 வயசு வெய்கானை!

ப்ளோக் டன்கர்க் துறைமுகம் வழியா தப்பிச்சு இங்கிலாந்து போயி, உடனே பிரான்ஸ்ல ஷெர்பூருக்குத் திரும்பி, ஜூன் 18 அன்னைக்கு ரென் ஊர்ல இருக்கார், ஜெர்மன்காரன் ஊருக்குள்ள வந்துட்டான். யூனிஃபார்மைக் கழட்டிட்டு சிவில் டிரஸ் மாட்டிக்கிட்டு ஓட்டல்ல ரூம் போட்டார், சொந்தப் பேர்லயே, ப்ரொஃபசர்ன்னு. நரைச்ச தலையோட இருக்கற வாத்தியாரை யார் சந்தேகப்படப் போறாங்க? பொய்ப் பேரை விட அதுதான் பத்திரம்னு கணக்குப் போட்டார். இந்த ஒரு விஷயத்துல நம்ம வாத்தியார் இனத்துக்கு ஒரு பெருமை!

அப்புறம் ஜூலைலேந்து செப்டம்பர் வரைக்கும் கிராமத்து வீட்ல உக்காந்து, ரெக்கார்ட் ஒண்ணும் பக்கத்துல இல்லாம, கோவம் ஆறாம, தோல்வியைப் பத்தி இந்தப் புத்தகத்தை எழுதித் தள்ளினார். ஆனா ஜெனரல்களைத் திட்டறதுலேந்து ஆரம்பிக்கல, அங்கதான் ஹிஸ்டாரியன் புத்தி. முதல்ல சாட்சி யாருன்னு சொல்றார். நான் இன்னார், பொறப்பால யூதன், அதுல எனக்குப் பெருமையும் இல்ல வெக்கமும் இல்ல, நான் நின்ன இடம் இது, அங்கேந்து பாத்தா இவ்வளவுதான் தெரியும், இதை வச்சு என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புன்னு நீங்களே எடை போட்டுக்கோங்க. பழைய சாசனத்தைப் பிரிச்சு இதை எழுதினவன் யாரு, எதுக்கு எழுதினான்னு கேக்கற அதே கேள்வியைத் தனக்கே போட்டுக்கறார்.

சாட்சியைப் பத்தி அவருக்கு வேற அனுபவமும் உண்டு. 1917ல ப்ரேன்ங்கற சின்ன ஊருக்கு வடக்கே இவரோட படை ஒரு ஜெர்மன் சிப்பாயைப் பிடிச்சுது, அவன் சொந்த ஊர் ப்ரெமன். பிரெஞ்சுல அந்தப் பேரைச் சொன்னா ப்ரேன் மாதிரியேதான் காதுல விழும். கொஞ்ச நேரத்துல அவன் சண்டைக்கு முன்னாடி ப்ரேன்ல கடை வச்சிருந்த உளவாளின்னு கதை கிளம்பிடுச்சு. காது கோளாறு மட்டும் இல்ல, ஜெர்மன்காரன் எங்கயும் ஆள் வச்சிருப்பான்னு எல்லாருக்கும் ஏற்கனவே ஒரு நினைப்பு இருந்துது, அதான் தப்பாக் கேட்டது சட்டுனு ஒட்டிக்கிச்சுன்னு 1921ல எழுதினார். ஃபேமிலி குரூப்ல வர்ற ஃபார்வர்டு பாக்கறப்பல்லாம் எனக்கு அந்த ப்ரெமன் பையன் ஞாபகம்தான்.

1940ல எழுதினதுல கடைசிப் பகுதில தன்னையே கூண்டுல ஏத்திடறார். என்ன நடக்கப்போகுதுன்னு எங்க தலைமுறை வாத்தியாருங்களுக்குத் தெரிஞ்சுது, தெருவுல நின்னு கத்தறதுக்குப் பயந்து எங்க படிப்பு ரூமுக்குள்ளயே பதுங்கிட்டோம்ங்கறார். நான் ஒவ்வொரு தடவையும் வேகமாத் தாண்டிப் போற பக்கம் அது. நாலு வருஷமா ஒரு புக்குக்கு நோட்ஸ் சேத்துட்டு இருக்கேன், இன்னும் ஒரு ரெக்கார்ட் கிடைச்சுட்டா ஆரம்பிச்சுடலாம்னு வீட்ல சொல்லிட்டே இருக்கேன், இந்த மனுஷன் மூணு மாசத்துல எழுதி முடிச்சுட்டார்.

எழுதினதை அப்ப வெளியிட முடியாது. நண்பர்கள் கையில குடுத்து, தேடுதல்ல மாட்டப் பாத்து, தோட்டத்துல புதைச்சு காப்பாத்தினாங்க. இவர் லியோன்ல ரெசிஸ்டன்ஸ்ங்கற ஜெர்மன் எதிர்ப்பு ரகசிய இயக்கத்துல சேந்தார், 1944 மார்ச்ல ஜெர்மன் ரகசியப் போலீஸ் கெஸ்டாபோ பிடிச்சு சித்திரவதை பண்ணிச்சு, ஜூன் 16 அன்னைக்கு இன்னும் சிலரோட சேத்து வயல்வெளியில வச்சு சுட்டுட்டாங்க. நார்மண்டில நேச நாட்டுப் படை இறங்கி பத்து நாள்தான் ஆயிருந்துது. புத்தகம் வந்தது 1946ல.

நேத்து மிச்சக் கட்டைப் பிரிச்சேன். ஒரு பொண்ணு நாலு பாயிண்ட் ஒழுங்கா எழுதிட்டு அஞ்சாவதா, "பெரிய அதிகாரிகளுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை"ன்னு எழுதியிருக்கு. கீயில இல்ல. மார்க் போடாம விட்டு அடுத்த பேப்பருக்குப் போயி, திரும்ப வந்து போட்டேன்.