வேலிக்கு அங்கால் கிடந்த 353 ஜிபி

பெப்ரவரி 10, செவ்வாய், பரந்தன்

முரசுமோட்டை அக்கா தன் அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலரை அமைக்க என் கடைக்குப் படங்கள் கொண்டுவந்தார். பழைய கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து போட்டோஷொப்பில் திறந்தால், அது தற்காலிகமாக எழுதிவைக்கும் இடமான ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அடம்பிடித்தது. சி ட்ரைவில் மிச்சம் 900 எம்பி. மொத்தமே 111 ஜிபிதான். பெட்டியில் 120 என்று இருந்தது. செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

கணினி தூங்கப் போகும்போது நினைவில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஹைபர்னேட்டை நிறுத்தினேன். அது பிடித்து வைத்திருந்த 3 ஜிபி சொச்சம் வந்தது. இன்றைய பாடு முடிந்தது. ஆனால் இனிப் பெரிய எஸ்எஸ்டி, அதாவது எல்லாம் சேமிக்கிற டிஸ்க், போடாமல் சரிவராது.

பெப்ரவரி 12, வியாழன்

கிளிநொச்சிக்குப் போய் 500 ஜிபி ஒன்று வாங்கினேன். கடைத் தம்பி முதலில் மதர்போர்டிலேயே செருகுகிற எம்.2 ஒன்றை நீட்டினார். என் பழைய மதர்போர்டில் அதற்கு இடமே இல்லை. வயரில் மாட்டுகிற இரண்டரை அங்குல சாட்டாதான் என்றேன்.

"புதுசா விண்டோஸ் போடுங்கோ அண்ணை, சுத்தமா இருக்கும்."

சுத்தமாகத்தான் இருக்கும். பாமினி எழுத்துருவையும் அதன் சகோதரங்களையும், பக்கம் அமைக்கிற பழைய பேஜ்மேக்கரையும் திரும்ப யார் போடுவது? பேஜ்மேக்கர் சிடி எந்த மூலையில் கிடக்கிறதோ. பாமினி இல்லாத கணினியில் பழைய மலர் ஒன்றைத் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலம் நிற்கும். செத்தவரின் பேரும் அப்படித்தான். ஆகவே குளோன், பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுப்பது.

பெப்ரவரி 13, வெள்ளி இரவு

கேசைத் திறந்தால் உள்ளே நெல் தூசு. அறுவடைக் காலம், வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது, கடைக் கதவைச் சாத்தவா முடியும்? விசிறி இதழில் உமி ஒன்று ஒட்டியிருந்தது. பிரஷால் தட்டிவிட்டேன்.

சாட்டா வயர் ஒன்றுதான் மிச்சமில்லாமல் போனது. யாரும் தொடாத டிவிடி ட்ரைவின் வயரைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். பென் ட்ரைவில் நகலெடுக்கிற குளோன்சில்லா.

எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் இடத்தில்தான் வயிறு கலங்கும். மாறி அமத்தினால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்படும், பிறகு அழுது பிரயோசனமில்லை. 120 மூலம், 500 இலக்கு என்று துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, மாடல் நம்பரையும் பார்த்தேன். அது இரண்டு தரம் கேட்டது. நான் நாலு தரம் பார்த்தேன்.

41 வீதத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பற்றரி போன வருடமே செத்துவிட்டது, கத்த மட்டும் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, பழையதிலிருந்து வாசிக்கிறதே தவிர அதில் எதையும் எழுதுவதில்லை. கரண்ட் வர ஒன்பதரை ஆகிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினேன்.

பெப்ரவரி 14, சனி

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து எழுப்பினேன். ஒன்றின் அடையாள இலக்கத்தையே மற்றதும் வைத்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஓரங்கட்டிவிடும். பாமினி வந்தது. பேஜ்மேக்கர் வந்தது. ஆனால் சி ட்ரைவ் அதே 111!

டிஸ்க் மனேஜ்மென்டில் பார்த்தால் 353 ஜிபி கறுப்புக் கோட்டுடன் சும்மா கிடக்கிறது. பெரிதாக்கும் பட்டன் மங்கி, அமத்தப்படவில்லை. காரணம், நடுவில் 500 எம்பி அளவில், விண்டோஸ் பழுதானால் மீட்க உதவுகிற ரிகவரி பகுதி. என் காணிக்கும் அங்கால் உள்ள வெறுங்காணிக்கும் இடையில் ஒருவர் வேலியடைத்துக் குடியிருக்கிற கதை. விண்டோஸ் பக்கத்துக் காணியை மட்டும்தான் சேர்க்கும், தாண்டிப் போய்ச் சேர்க்காது.

அவரைக் கிளப்பத் தேவையில்லை, கரைக்கு நகர்த்தினால் போதும். ரிகவரியை முதலில் நிறுத்திவிட்டு, டிஸ்க்கின் பகுதிகளை நகர்த்துகிற ஜிபார்ட்டெட்டைப் பென் ட்ரைவில் எழுப்பி, அந்தத் துண்டைக் கடைசிக்கு இழுத்துவிட்டு, சியை நீட்டினேன். ஹைபர்னேட்டைச் செவ்வாயே நிறுத்தியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. விண்டோஸ் அரைத்தூக்கத்தில் மூடியிருந்தால் அந்தப் பகுதியைத் தொட விடாது. பிறகு ரிகவரியைத் திரும்ப இயக்கினேன்.

சி ட்ரைவ் 464.

பழைய எஸ்எஸ்டியைக் கல்யாணக் காட் உறையொன்றில் போட்டு, இன்றைய திகதியை எழுதி லாச்சிக்குள் வைத்தேன். ஒரு மாதமாவது அழிக்கமாட்டேன்.

பின்னேரம் அக்கா வந்தார். அட்டைப் படத்தை மாற்ற வேண்டுமாம். அப்பா வேட்டியோடு இரணைமடுக் கட்டில் நிற்கிற படம் ஒன்று கிடைத்திருக்கிறது.