வன்னியில் முகங்களைப் படமெடுத்தல்: பிரதிகள் வீடு சேரத் தொடங்கிய பின்

மழைக்கால நெற்செய்கையான காலபோகத்தின் அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகிவிட்டதால், இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் எடுத்து வந்த படங்களை ஒழுங்குபடுத்த இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. சாதாரண மனிதர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே வைத்து ஆவணப்படுத்துவதுதான் நான் எடுத்துக்கொண்ட காரியம். வயலில் வரம்பு கட்டுகிறவர், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் (நிலக்கடலை) விற்கிறவர், பரந்தன் சந்திக்குக் கிட்ட சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவர் என்று அது நீண்டுகொண்டு போகிறது. இந்தப் போகத்தில் அதன் போக்கை மாற்றியது, எடுத்த படத்தைக் கடதாசியில் அச்சிட்டு அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியதுதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய கமரா ஒன்றும் 35 மி.மீ. வில்லை ஒன்றும் போதுமாக இருக்கின்றன. அந்த வில்லையில் ஒருவருடைய முகம் தெளிவாக வரவேண்டுமானால் பேசும் தூரத்துக்குப் போயே ஆகவேண்டும். தள்ளி நின்று களவாக எடுக்க இடமில்லை. சிக்கல் எல்லாம் வெயிலில்தான். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும் என்பதால், முகத்துக்குப் பின்னால் வெளிறிய வானம் நிறைய இருந்தால் முகம் இருண்டு, கண் எங்கே என்றே தெரியாமல் போகும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் சீருடை ஊத்தை பிடித்ததுபோல வரும். இப்போது சட்டகத்தின் சிறு பகுதியை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டில் முகத்தை மட்டும் அளந்துகொள்கிறேன். வெயிலில் கறுத்த தோலையும் மானி சாம்பலாக்கி அளவுக்கு மீறி வெளுக்கச் செய்யும், ஆகையால் அது சொல்வதிலிருந்து அரைப் படி (ஸ்டொப்) வெளிச்சம் குறைத்து எடுக்கிறேன். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். மத்தியானத்தில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் வீட்டுத் தாழ்வாரம்தான் நல்ல இடம். கூட்டிய மணல் முற்றத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து வந்து, கண்ணடியில் விழும் நிழலை எடுத்துவிடுகிறது.

வன்னி மக்கள் கமராவுக்குப் புதியவர்கள் அல்லர். 2008 இலும் 2009 இலும் இறுதிப் போரின்போது மேற்கே மன்னார்ப் பக்கத்திலிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்து, மீளக்குடியேறி வந்தவர்களைப் பதிவுக்கென்றும் செய்திக்கென்றும் அறிக்கைக்கென்றும் எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். வீட்டுத்திட்டப் பயனாளி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பயனாளி என்று எடுத்தவை ஏராளம். அவற்றில் ஒன்றாவது எடுக்கப்பட்டவருடைய வீட்டுச் சுவரில் தொங்குவதை நான் கண்டது அரிது. மறுபக்கத்தில், அவர்களிடம் இருந்த கலியாண அல்பங்களும் பூப்புனித நீராட்டுப் படங்களும் வழியிலும் பதுங்குகுழிகளிலும் போய்விட்டன. ஆகவே ஒரு பிரதியைக் கையில் கொடுப்பது இங்கே வெறும் மரியாதைக்குச் செய்யும் காரியமாக நின்றுவிடுவதில்லை.

விசுவமடுப் பக்கத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கைகளையும், வேரோடு வந்த செம்மண்ணையும், காய்க்கொத்தையும் கிட்டத்தில் எடுத்திருந்தேன். என் கணக்கில் நல்ல படம். அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வடிவாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குத் தம்பி. ஆனா உதில நான் எங்க? உதை எங்க கொழுவுறது?" என்று கேட்டார். பிறகு, "நில்லுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனார். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய், சீட்டுக் காசில் வாங்கிய நீரிறைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு படம் எடுக்கிறேன். ஒன்று நான் காண்பது, மற்றது அவர் காட்ட விரும்புவது. நேரே பார்த்து விறைப்பாக நிற்கும் படத்துக்கு ஆவண மதிப்பில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பில்லை. இயந்திரமா, தையல் மெசினா, வெளிநாட்டிலிருக்கும் மகனுடைய படமா, எதற்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கத் தெரிவுசெய்கிறார் என்பதைப் போல அந்த வீட்டைச் சொல்லும் செய்தி வேறில்லை. கைகளை மட்டும் கிட்டத்தில் எடுக்கும் பழக்கமும் இதனால் குறைந்துவிட்டது.

பிரதி கொடுக்கப் போன வீடுகளில் வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. "இதைப் பெருப்பிச்சுத் தரலாமோ?" என்று பொலித்தீன் பைக்குள்ளிருந்து பழைய படம் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை என்று, எழும்பி ஓட நேர்ந்தால் தூக்கிக்கொண்டு போவதற்காகக் கட்டி வைத்த பை அது. அதற்குள் இருப்பது சில வேளை பாடசாலைக் குழுப்படம். கேட்கிற முகம் பயற்றம் விதையளவுதான் இருக்கும். சில வேளை அடையாள அட்டைக்கு எடுத்த படம், தோளில் முத்திரை ஏறியிருக்கும். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றில், அட்டையின் அடியில் ஹற்றன் ஸ்ரூடியோ ஒன்றின் பெயர் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது.

இவற்றை நகலெடுப்பதில் நான் கண்டறிந்தது இது. முற்றத்து மரநிழலில் பலகை ஒன்றின் மேல் படத்தை வைத்து, கமராவை அதற்கு நேர் மேலே, தளம் தளத்துக்கு இணையாக நிறுத்த வேண்டும். சிறிது சரிந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். இதற்கு மட்டும் 50 மி.மீ. வில்லை ஒன்றை இரவல் வாங்கி, அதன் துவாரத்தை எஃப்/8 அளவில் வைத்து எடுக்கிறேன். மடித்துக் கிழியப் பார்த்த படத்தில் வெளிச்சம் மடிப்புக்குக் குறுக்கே விழுந்தால் கோடு தடித்துத் தெரியும். படத்தைத் திருப்பி, மடிப்பின் நீளப்போக்கிலேயே வெளிச்சம் ஓடும்படி வைத்தால் பாதிக் கோடு தானாக மறைகிறது. லமினேற் செய்த அட்டையில் பளபளப்பு வந்தால் போலரைசர் வடிகட்டியைத் திருப்பித் திருப்பிக் குறைக்கலாம், முழுவதும் போகாது. முத்திரையை அழித்து, படத்தில் இருப்பவருக்குக் கோட்டு உடுப்பு அணிவித்துத் தரும்படி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பிள்ளை, அவர்களுடைய விருப்பம். ஸ்ரூடியோவில் சொல்லி அப்படியே செய்விக்கிறேன், ஆனால் முத்திரையோடு உள்ள நகலையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இந்த வேலையால் குறிப்பெழுதுவதில் கவனம் கூடியிருக்கிறது. 1936 இல் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டொரோத்தியா லாங் கலிபோர்னியாவின் பட்டாணித் தோட்டம் ஒன்றின் அருகே பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 வரை ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்திருந்தார். இங்கே நிலைமை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் பெயரை வெளியிடுவதே சிலருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே பெயர், ஊர், என்ன வேலை, படத்தை யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்பவற்றை அவர்கள் முன்னிலையிலேயே எழுதி வாசித்துக் காட்டுகிறேன். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஏந்தியிருக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு படத்தோடு பெயரும் திகதியும் சேர்ந்திருப்பதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

கடற்கரைப் படங்கள் இன்னும் தேறவில்லை. முல்லைத்தீவில் கரைவலை இழுப்பதை எடுத்தவற்றில் கயிறும் முதுகுகளும் நன்றாக வந்திருக்கின்றன. உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுக்கும் இடத்தில் எடுத்தவற்றில் இயந்திரம்தான் படத்தை நிறைக்கிறது. வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைப் பாடி ஆட்கள் இழுப்பதை மட்டும் எடுத்துப் பழமையை அழகு காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, இரண்டையும் ஒரே தொடரில் வைக்க வேண்டும். இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி என்று கூட்டத்தில் முடிவாகும் வரை வயற்பக்கம் ஆட்கள் குறைவு. அந்த இடைவெளியில் கடற்கரைக்குப் போவதாக இருக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டிய பிரதிகள் இன்னும் ஒரு கட்டு ஸ்ரூடியோவில் கிடக்கின்றன. கறையானுக்கும் மழை ஒழுக்குக்கும் லமினேற் செய்த பிரதிதான் நின்று பிடிக்கிறது. கொஞ்சம் செலவு கூடினாலும் எல்லாவற்றையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.