யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் திரைப்பட ரசனைத் தாள் எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரு பழைய படத்தையும் ஒரு புதிய படத்தையும் ஒப்பிடுக" என்ற பெரிய கேள்வி அநேகமாக வந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் எழுதும் பதில் எனக்கு மனப்பாடம்: அந்தக் காலத்தில் வசதி இல்லை, நடிப்பு நாடகத்தனம், ஆனால் கதை அழுத்தம், இன்று தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, உயிர்தான் இல்லை. எந்த இரண்டு படங்களின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற பதில் இது. திருத்துகிறவருக்கு இரண்டாவது வரியிலேயே கொட்டாவி வந்துவிடும்.

இரண்டு படங்களிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது எனக்குக் கைகொடுத்தது. நான் எடுத்துக்கொண்டவை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004). இரண்டிலும் நடந்ததை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சொல்கிறார்கள். இதற்கு 'ரஷோமோன் பாணி' என்று ஒரு முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அப்படி நகராமல், இவர்கள் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெயர் வந்தது ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) படத்திலிருந்து. அதில் ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் சாட்சிகள் நம்மைப் பார்த்து உட்கார்ந்து பேசுகிறார்கள். விசாரிப்பவரின் முகமும் தெரியாது, குரலும் கேட்காது. நீதிபதியின் இடத்தில் நம்மை உட்காரவைத்துவிட்டு, எது நடந்தது என்று உறுதியாகச் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

'அந்த நாள்' படத்தில் கேட்பவர் சி.ஐ.டி. அதிகாரி. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டுக் கதை. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் சாவதோடு தொடங்குகிறது. ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். போலீஸிடம் பேசுகிறவர் என்ன செய்வார்? தன்மேல் சந்தேகம் விழாமல் அடுத்தவரைக் கைகாட்டுவார். அதனால் இங்கே வரும் பிளாஷ்பேக்குகள் ஒன்றையொன்று மறுப்பதைவிட, ராஜனோடு அவரவருக்கு இருந்த பழைய கணக்கைத்தான் அதிகம் சொல்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் ராஜன் எப்படிப்பட்டவன் என்று தெரிகிறது, கொலை செய்தது யார் என்பதும் தெரிகிறது. (யார் என்று சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.)

'விருமாண்டி' படத்தில் கேட்பவர் ஏஞ்சலா காத்தமுத்து. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்குள் வருகிறவர். அவரிடம் தங்கள் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு கைதிகள். தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது: கொத்தாளத் தேவருக்கு ஆயுள், விருமாண்டிக்குத் தூக்கு. இனி மிச்சம் இருப்பது பெயர் மட்டும்தான். வெளியே இருக்கும் உலகத்திடம் தன் பெயரைக் காப்பாற்றப் பேசும்போது கதை அடியோடு புரண்டுவிடுகிறது. விருமாண்டியோடு சேர்ந்த அன்னலட்சுமி, கொத்தாளத் தேவர் சொல்லும் கதையில் வற்புறுத்தப்பட்டவள், விருமாண்டியின் கதையில் விரும்பி வந்தவள். 'யார் கொன்றது' என்று போலீஸ்காரர் கேட்டது 50 ஆண்டு கழித்து, 'கொடுத்த தண்டனை சரிதானா' என்று மாறிவிட்டது. படமும் நடுநிலையில் நிற்கவில்லை. இரண்டாவதாக வரும் விருமாண்டியின் கதையின் பக்கம் சாய்கிறது. என்னைக் கேட்டால் அது படத்தின் பலம், பலவீனம் இரண்டும்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படமென்றால் பாட்டு மேல் பாட்டு, புதியது யதார்த்தம் என்று நினைப்போம். இங்கே தலைகீழ்: பாட்டே இல்லாமல் வந்தது 1954 படம்; 2004 படத்தில் இளையராஜாவின் பாடல்கள். விசாரணை அறையில் பாட்டுக்கு வேலையில்லை. ஆனால் 'விருமாண்டி'யின் காதல் பாட்டு யார் சொல்லும் கதைக்குள் வருகிறது என்று கவனியுங்கள். அதுவும் ஒரு சாட்சிதான். இந்த ஒரு பத்தியை எழுதினாலே உங்கள் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய படங்களின் ஃபிரேம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். இணையத்தில் சில பிரதிகளை இன்றைய அகலத்திரைக்காக இழுத்தோ, மேலும் கீழும் வெட்டியோ போட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருக்கிற பிரதியைத் தேடுங்கள். தலை வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளருக்கு ஃபிரேம் வைக்கத் தெரியவில்லை என்று எழுதினால் நியாயமா? அப்புறம், ஒரு முக்கியமான காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். வசனம் காதில் விழாதபோதுதான் வெளிச்சம் எங்கே விழுகிறது, கட் எங்கே வருகிறது என்பதில் கண் போகும்.

பரீட்சையில் கதைச்சுருக்கம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். திருத்துகிறவர் படம் பார்த்தவர்தான். ஒவ்வொரு படத்திலும் இரண்டு காட்சி போதும். ஆண்டு, இயக்குநர் பெயரை ஒருமுறை குறிப்பிட்டால் சரி.

நேரம் இருப்பவர்களுக்குப் பயிற்சி ஒன்று: ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960), அதை கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் மறுபடி எடுத்த படம் (1998). இரண்டிலும் அந்தக் குளியலறைக் காட்சியை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். கதை, ஷாட் எல்லாம் ஒன்றாக இருந்தும் எது மாறிப்போயிற்று என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.