எந்தப் படலம், சேர்?

எங்கள் சமய ஆசிரியர் பண்டிதர் காலமாகிவிட்டார் என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போன மாசி மாதம் ஒரு வரி வந்தது. ரொறன்ரோவில் அப்போது விடிய நாலரை மணி. வெளியே முழங்காலளவு பனி. விளக்குப் போடாமல் குசினிக் கதிரையில் விடியும்வரை இருந்தேன். அவருக்கு 92 வயது. நோய் நொடியில்லாமல், தன் வீட்டுத் திண்ணையில் போயிருக்கிறார். அழுவதற்கு ஒன்றுமில்லை என்று மனைவி சொன்னாள். அவர் எழுதிய கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதித் தாருங்கோ அண்ணை என்று செயலாளர் தம்பி மூன்று வருடமாகக் கேட்கிறார். இந்த முறை எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

பண்டிதரை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைச் சிவபுராணம், விபூதித் தட்டம், மணி அடிக்க முதலே விறாந்தையில் கேட்கும் செருப்புச் சத்தம், சால்வையை ஒருதரம் உதறிவிட்டுத் தொடங்கும் பாடம். ஆறுமுக நாவலர் குருபூசை வந்தால் அவர் பேச்சில் ஒரு பகுதி மாறாமல் வரும். "பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிளைத் தமிழாக்கினவர் நாவலர். வரிவரியாய் வாசிச்சவர். வாசிச்சபடியால்தான் 1854இல சைவதூஷண பரிகாரம் எழுதேக்கை, பாதிரிமாருக்கு அவையின்ரை வேதத்தில இருந்தே மறுமொழி குடுத்தவர். வாசிக்காமல் வாயைத் திறக்கக்கூடாது, பிள்ளையள்." இந்தக் கடைசி வாக்கியத்தை நான் நம்பினேன். அதனால்தான் எல்லாம் வந்தது.

1968. நான் பத்தாம் வகுப்பு. அந்த வருடம் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் நடந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். கோயிலுக்குள் போய்க் கும்பிட வந்த ஒடுக்கப்பட்ட சாதியாரை வாசலில் மறித்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகாமல் வீதியிலேயே இருந்தார்கள். மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த ஒருவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்படி ஒருவரைச் சாதி சொல்லிக் கோயில் வாசலில் மறிப்பது குற்றம். சட்டம் வந்து பதினொரு வருடமாகியும் வாசல் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சந்தையிலும் வாசிகசாலையிலும் எங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரே மறுமொழிதான்: "ஆகமத்தில சொல்லியிருக்கு." கோயிலுக்கும் பூசைக்கும் விதி சொல்லும் சைவ நூல்கள்தான் ஆகமங்கள்.

என் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவனை அந்த வருடக்காரர் எல்லோருக்கும் தெரியும். கணக்கில் புலி. அவனுடைய கொப்பியைப் பார்த்துத்தான் நான் கேத்திர கணிதம் படித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் தேரன்று நான் ஐயாவோடு உள்ளே நின்றேன். சுவாமி வெளியே வரும்போது வாசல் வழியாகப் பார்த்தேன். அவன் வெளிவீதியில், தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பால், தன் ஆட்களோடு நின்றான். தோய்ந்து, ஈரத் தலையைப் பின்னுக்கு இழுத்து வாரி, திருநீறு பூசியிருந்தான். கையில் தட்டம் இல்லை. உரித்த தேங்காய் ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான், யாரிடம் கொடுத்து உள்ளே அனுப்பலாம் என்று பார்ப்பவன் மாதிரி. என்னைக் கண்டான். நான் முகத்தைத் திருப்பி மூலஸ்தானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அதற்கடுத்த கிழமை சமய பாடத்தில் அளவை, அதாவது உண்மையை அறியும் வழிகள், படித்தோம். காட்சி, கருதல், உரை. கண்ணால் காண்பது, யோசித்து அறிவது, இறைநூல் சொல்வது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவைகளைப் பத்து வரை எண்ணிக்காட்டி, எல்லாம் இந்த மூன்றில் அடங்கும் என்கிறது. முதலிரண்டும் எட்டாத இடத்துக்கு உரை வழிகாட்டும் என்று பண்டிதர் சொன்னார். நான் எழும்பினேன்.

"சேர், ஆக்களைக் கோயிலுக்குள்ள விடக்கூடாதெண்டு எந்த ஆகமத்தில இருக்கு? எந்தப் படலம்?"

வகுப்பு அடங்கிப் போனது. அவர் சால்வையைத் தோளில் சரிசெய்தார். "28 ஆகமம் இருக்கு. உனக்கு ஒண்டின்ரை பேர் தெரியுமோ?"

"காமிகம், சேர். நீங்கள் வாசிச்சிருக்கிறியளோ?"

எனக்கு அடி விழவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. என் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். "ஆரோட இருக்கிறாய் எண்டு தெரியுது. கூட இருந்தால் இந்தக் குணம்தான் வரும்."

முன்வாங்கில் சிரித்தார்கள். பிறகு முழு வகுப்பும் சிரித்தது. என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். விறாந்தையில் நின்று யன்னலுக்குள்ளால் பார்த்தேன். அவன் கொப்பியை மூடவில்லை, தலையைக் குனியவுமில்லை. கரும்பலகையில் இருந்த 'காட்சி, கருதல், உரை' மூன்றையும் தன் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் என்னிடம் வந்தான். "நீ கேட்டனீ. எனக்கு விழுந்தது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த திங்கள் அவன் வரவில்லை. அந்தத் தவணையிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். தகப்பன் அவனைத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் வீடு தேடிப் போகவில்லை. அரை மைல் தூரம்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பண்டிதர் பாடம் தொடங்காமல் மேசையைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"இவன் எந்தப் படலம் எண்டு கேட்டவன். நான் நாலு குருக்கள்மாரைக் கேட்டன். ஒருவரும் எடுத்துக் காட்டேல்லை. தங்கடை குரு சொன்னவர் எண்டினம். என்ரை குருவும் எனக்கு அப்பிடித்தான் சொன்னவர். ஆகமம் வடமொழியில, கிரந்த எழுத்தில கிடக்கு. எனக்குக் கிரந்தம் வாசிக்கத் தெரியாது. நான் வாசிக்கேல்லை. வாசிக்காத நூலைச் சாட்சிக்கு இழுத்துப்போட்டன்."

பிறகு கேட்டார்: "வெள்ளிக்கு வெள்ளி என்ன பாடுறியள்? 'வேதங்கள் ஐயா எனவோங்கி ஆழ்ந்தகன்ற நுண்ணியனே.' வேதமே 'ஐயா' எண்டு கூப்பிட்டும் எட்டேலாமல் நிக்குது எண்டு வாதவூரடிகள் பாடுறார். எட்டாத பொருளின்ரை வாசலை ஒரு ஏட்டைக் காட்டிப் பூட்டலாமோ?"

அந்த வயதில் அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். அவர் பேசும்போது இரண்டு மூன்று தரம் என் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்ததை நான் கண்டேன். அதன் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு எத்தனையோ வருடம் எடுத்தது. கேட்க வேண்டியவன் அங்கே இல்லை.

நான் 1984இல் வெளிக்கிட்டேன். கொழும்பு, பிராங்க்பேர்ட், மொன்றியல், பிறகு இந்த ஊர். நம் எல்லோருக்கும் ஒரே கதைதான்.

பண்டிதரின் கடிதம் 1996இல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் அதற்கு முந்திய வருடம் போரில் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததற்குப் பிறகு, வீடு திரும்பி எழுதியிருந்தார். புத்தகங்களில் பாதி போய்விட்டது. இளைப்பாறிய பிறகு குருக்கள் ஒருவரிடம் கிரந்தம் படித்து, இப்போது காமிகம் வாசிப்பதாக எழுதியிருந்தார். கடிதத்தின் நடுப்பகுதியை இங்கே தருகிறேன்:

"நீ கேட்ட படலத்தைத் தேடுகிறேன். பெரும்பகுதி நிலம் பார்ப்பது, கல் தெரிவது, கோயில் அமைப்பது, பூசை, விழா. மனிதரைத் தரம் பிரிக்கும் வரிகளும் உள்ளன. இல்லையென்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். முன்பு நான் 'இருக்கிறது' என்று வாசிக்காமல் சொன்னேன். இப்போது வாசித்துவிட்டுச் சொல்கிறேன்: இருந்தாலும் அது நியாயமாகாது. 'தொன்மையவாம் எனுமெவையும் நன்றாகா' என்று உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் வைத்தது நமக்காகத்தான். அந்த வரியை முப்பது வருடம் படிப்பித்தேன். அவையடக்கம் என்று சொல்லிக் கடந்து போனேன்."

சமயத்தை விட்டவர் எழுதிய கடிதம் அல்ல இது. மூன்று நேரமும் சிவபூசை செய்தவர் எழுதியது. "சாத்திரம் பலபேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமுங்கொண் டென்செய்வீர்" என்று கேட்ட அப்பரின் தேவாரம் அவருக்கு நித்திய பாராயணம். நூலை எரிக்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அதைத் திறந்து, அதன் முன்னால் நின்று, இது சரி, இது பிழை என்று சொல்லும் துணிவு பக்திக்குள்ளேயே அவருக்குக் கிடைத்தது. மேடைகளில் எத்தனையோ பகுத்தறிவுப் பேச்சுக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டது இந்தக் கடிதம்தான்.

கடைசியில் ஒரு வரி: "உன் வாங்குக்காரன் எங்கே இருக்கிறான் என்று தெரியுமா? அவனிடம் நேரே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது."

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு எழுதலாம் என்று கடிதத்தை மேசை லாச்சியில் வைத்தேன். இரண்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். 2011இல் ஊருக்குப் போனபோது அவர் வீட்டுப் படலை வரை போய், ஆள் இல்லையென்று திரும்பினேன். ஒரு மணித்தியாலம் காத்திருந்திருக்கலாம்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு அவருடைய மகள் எனக்கு ஒரு பொதி அனுப்பினார். உள்ளே பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று, 160 பக்கம், பழுப்புக் கடதாசி உறை. இடப்பக்கம் கிரந்தத்தில் சுலோகம், வலப்பக்கம் தமிழில் பொருள், ஓரத்தில் பென்சிலால் கேள்விகள். பல இடங்களில் 'ஏன்?' என்று மட்டும் இருக்கிறது. முதற் பக்கத்தில் இரண்டு பெயர்கள் எழுதி, கீழே 'இவர்களுக்கு' என்று போட்டிருக்கிறார். ஒன்று என் பெயர். மற்றது அவனுடையது.

வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் நான்காவதாக நிற்பவன். சாதாரண தரப் பரீட்சை எழுதாததால் நம் சங்கத்தின் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. வன்னிக்குப் போனான் என்று ஒருவர் சொல்கிறார், பாரிசில் கண்டேன் என்கிறார் இன்னொருவர். 68ஆம் வருடக்காரர் யாராவது அறிந்திருந்தால் செயலாளரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். கொப்பி என்னிடம் இருக்கிறது. எந்த நாடானாலும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.