குறுகலான கொல்லையில் இரண்டு மரங்கள்

வீட்டுக் கொல்லையில் பெரிய மரம் எடுக்க ஆள் தேடினால், முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "மரத்தை நாங்களே எடுத்துக்கிறோம், கூலியே வேணாம்." தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு மரம் விற்றால்தான் கூலி. மாங்கட்டை நீளமாக இருந்தால் பலகை அறுக்கப் போகும், ஒன்றரை அடித் துண்டு என்றால் விறகு விலைதான். அதனால் எட்டடி, பத்தடியாக அறுத்துத் தள்ளத்தான் பார்ப்பார்கள். வயல்வெளியில் அதில் தப்பே இல்லை. நாலு பக்கமும் சுவர் நிற்கிற இடத்தில் துண்டு சிறிதாக இருக்கிற அளவுக்குத்தான் நிம்மதி. கூலியை முழுசாகப் பேசிக் கொடுத்துவிட்டால் துண்டின் நீளத்தை நாம் சொல்லலாம்.

எங்களுடையது குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டு மனை. என் மாமனார் வீடு கட்டியபோது பின்னால் இரண்டு தென்னையும் ஒரு மாவும் வைத்தார். அன்றைக்குச் சுற்றிலும் காலி மனைகள். வெட்டுகிற சமயத்தில் மாமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. ஒரு தென்னை வீட்டுச் சுவரிலிருந்து நாலடியில் நின்றது. செப்டிக் டேங்க் மூடி, கிணறு, பக்கத்து வீட்டு மாமி துணி துவைக்கிற இடத்தின் சிமென்ட் ஷீட், கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயர் எல்லாமே இந்த மரங்களின் கீழே. கிரேன் வைத்துத் தூக்கிவிடலாமே என்று கேட்காதவர் இல்லை. பக்கச் சந்தின் அகலம் மூன்றரை அடி.

மாமரம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கவையில் பிளந்தது. இரண்டு பெருங்கிளைகளும் பிரிகிற இடத்தில் விரல் நுழைகிற விரிசல். அந்தத் தென்னையின் கதை வேறு. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருந்தது, மட்டைகள் தொங்கிப்போயின, பிறகு தூரில் தட்டுத்தட்டாகக் காளான் வந்தது. இது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் கண்டதால் அந்தப் பெயர். கானோடெர்மா என்கிற பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும். மேலே பார்த்தால் மரம் நிற்கிற மாதிரி இருக்கும், கீழே பிடிமானம் இருக்காது.

வந்த மேஸ்திரி அரிவாளின் பின்புறத்தால் தூரைத் தட்டினார். ஏணியைக்கூட இறக்கவில்லை.

"தூர் செத்துப்போச்சும்மா. இதுல ஆளை ஏத்த மாட்டேன்."

"அப்புறம் எப்படிண்ணே எடுக்கறது?"

"சாரம் போட்டு எடுக்கலாம். செலவு ஆகும்."

அந்த நிமிடமே இவர்தான் என்று முடிவுசெய்துவிட்டேன். அதற்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர், காலில் தளநார் வளையம் போட்டு அரை மணியில் ஏறி முடித்துவிடுவதாகச் சொன்னார். ஏறுகிறவர் யார் வீட்டுப் பிள்ளையோ. நம் வீட்டு மரத்துக்காக அவர் உயிரை வைத்துப் பார்க்கக் கூடாது. மரம் வெட்டுகிற வேலையில் விலை பேசுவதற்கு முன்னால், ஏறுகிற ஆள் எதில் நிற்பார், பெல்ட்டை எதில் மாட்டுவார் என்று கேளுங்கள். நல்ல மரமென்றால் மரத்திலேயே மாட்டலாம். அழுகிய மரத்தில் பெல்ட் மாட்டினால் மரம் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

முதல் வேலை தென்னையை நிறுத்திக் கட்டுவது. மொட்டை மாடியிலிருந்து தண்டு எட்டுகிற உயரம்தான், அங்கே மூன்று திசையில் நைலான் வடம் போட்டார்கள். ஒன்று மாமரத்தின் அடியில், கவைக்குக் கீழே, நல்ல கட்டை இருக்கிற இடத்தில். மற்ற இரண்டும் கான்கிரீட் தூண்களில். மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டலாமே என்றதற்கு மேஸ்திரி தலையை ஆட்டி மறுத்தார். நாலரை அங்குலச் செங்கல் சுவர் இழுப்புக்கு நிற்காது, அப்படியே பெயர்ந்து வரும். மாமரத்தை முதலில் வெட்டியிருந்தால் இந்த வடத்தைக் கட்ட இடமே இருந்திருக்காது. இரண்டு மரம் எடுப்பதானால் எது முன்னால் என்பதை இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு பெயிண்ட் அடிக்கிறவர்கள் போடுவதுபோலச் சவுக்குச் சாரம், தரையிலிருந்து எழுப்பி வீட்டுத் தூண்களோடு இறுக்கியது. வெட்டுகிறவர் நின்றதும் சாரத்தில், அவர் பெல்ட் மாட்டியதும் மாடிப்படி அறைத் தூணில் கட்டிய கயிற்றில். காய்க் குலைகளையும் மட்டைகளையும் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, கொண்டையை எடுத்தார்கள். அப்புறம் தண்டு, ஓரடி ஓரடியாக. ஓரடி விட்டமுள்ள பச்சைத் தென்னந்தண்டில் ஓரடித் துண்டே ஏறக்குறைய 20 கிலோ வரும். ஐந்தடியாக அறுத்திருந்தால் 100 கிலோ, செப்டிக் டேங்க் மூடி தாங்காது. தென்னைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், நடுவில் வெறும் சோறு. மிஷின் ரம்பத்தின் செயின் சீக்கிரம் மழுங்கிவிடும், நிறுத்தி நிறுத்தி அரம் போட்டார்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவதுதான் ஆபத்து. ரம்பத்தின் நுனி எதிலாவது பட்டால் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேலே தூக்கியோ ஒற்றைக் கையிலோ அதைப் பிடிக்கிறவரைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

மின்சாரம் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், படித்தவர்களே தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினால் வீட்டுக்குள்தான் மின்சாரம் நிற்கும். கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் வருகிற வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கம்பத்திலேயே இணைப்பை எடுக்கச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதற்காக ஒரு பகல் முழுக்க ஃபேன் இல்லை. மாமிக்கும் சொல்லி, அவர் ஷீட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம். உடைத்துவிட்டு வாங்கிக்கொடுப்பதைவிட அதுதான் மரியாதை.

மாமர வேலையில் முதல் எதிரி முசுறு எறும்பு. இலையைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய கூடுகள் மேலே நிறைய. கிளையில் இருக்கிறவரைக் கடித்தால் கை தானாக விட்டுவிடும் என்பதால் கூடுகளை முந்தின நாளே எடுத்தார்கள். மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் கொப்புளிக்கும், முழுக்கைச் சட்டை வேண்டும். விரிந்த கவையை இரும்புச் சங்கிலியால் சுற்றி இறுக்கிய பிறகுதான் யாரும் மேலே போனார்கள்.

ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு இடத்தில் கயிறு, அடியில் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று. முதலில் கிளையின் கீழ்ப்புறத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு அறுக்கிறவர் பக்கமே ஊஞ்சலாடி வரும். கீழே கயிறு பிடிக்கிறவர் அதை வெறுங்கையில் பிடிக்கவில்லை. அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அந்த உராய்வில்தான் அவ்வளவு கனமும் அடங்குகிறது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது என்று பையன்களுக்கு மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணிப்பில் அன்றைக்கு மேலே இருந்தவரைவிட அதிகம் சம்பாதிக்க வேண்டியவர் இந்தக் கயிற்றுக்காரர்தான்.

காலை ஆறரைக்குத் தொடங்கி, கடற்காற்று எடுப்பதற்குள் மேல்வேலையை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகு கீழே துண்டு போடுவதும் சந்து வழியாகச் சுமப்பதும்தான்.

மாவின் அடிக்கட்டையைத் தோண்டவில்லை. வேரோடு இழுத்தால் மதில் அஸ்திவாரம் அசையும், அது அங்கேயே மக்கட்டும். தென்னந்தூரை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. பூஞ்சை அதிலேயே தங்கிப் பக்கத்து மரத்துக்குப் போகும். வேரோடு தோண்டி எடுத்து அழித்தோம். மிச்சமிருக்கிற தென்னைக்கு இந்த வருஷத்துக்கான 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைத்தாயிற்று. ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் தூரைச் சுற்றி ஊற்ற வேண்டும், அதைக் கலக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கி வைத்திருக்கிறேன்.