பக்கத்து நாற்காலி

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், நோயாளி தனியாக வந்ததாக எனக்கு நினைவே இல்லை. மாமியார், சித்தப்பா, ஆட்டோ ஓட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர் என ஒரு கூட்டமே உள்ளே நுழையும். "தூக்கம் எப்படி?" என்று கேட்டால் நோயாளியைத் தவிர எல்லோரும் பதில் சொல்வார்கள்.

2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்தேன். முதல் வாரம், பழக்கதோஷத்தில் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று ஒரு பெண்மணியிடம் கேட்டுவிட்டேன். "ஏன், நான் சொல்வதை நம்பமாட்டீர்களா?" என்றார். என் முகம் சுருங்கிப்போனது.

நோயாளியின் சம்மதமில்லாமல் அவரைப் பற்றி வீட்டாரிடம் பேசுவது இங்கே பொதுவாகக் கூடாது. வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. நான் வாய் திறக்கத்தான் தடை. 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' யார் என்று வரிசையாக ஒரு பட்டியல் இருந்தது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று தொடங்கி மருமகன்மார், மருமகள்மார் வரை போகும் என்று எதிர்பார்த்துப் படித்தேன். உடன்பிறந்தாரின் பிள்ளைகள் இருந்தார்கள். மகனின் மனைவி இல்லை. எங்கள் ஊரில் மாமனாருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவளே அவள்தான்.

உறவின் அருமை தெரியாத தேசம் என்று சில வருடம் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தபோது என் வாதத்துக்குச் சான்று கிடைத்ததாகவே எண்ணினேன். ஆனால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும் அந்த அறையில், நோயாளி பேசத் தொடங்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வரும் வாக்கியம் வேறு மாதிரியானது. அப்போதெல்லாம் மதுரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்த மருமகள்கள் நினைவுக்கு வருவார்கள். மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்ல எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

போன விடுமுறையில் அம்மாவை முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "அம்மா ராத்திரி தூங்குகிறார்களா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் பேசப்போகிறேனா என்று. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை சார்."

ஞாயிறு தவறாமல் அவரோடு போனில் பேசுகிறவன் நான்.